தாத்தா, நீங்க அப்ப என்ன பண்ணீங்க?

பெர்லின், 1941. ஒரு பாரில் ஐந்து நண்பர்கள். பாட்டு, ஆட்டம், குரூப் போட்டோ. 'கிறிஸ்துமஸுக்கு இங்கேயே சந்திக்கிறோம்' என்று சத்தியம் வேறு! அண்ணன் தம்பி இருவர் ரஷ்யப் போர்முனைக்கு, சார்லோட் நர்ஸாக. கிரேட்டா பாடகி. ஐந்தாவது ஆள் விக்டர்... யூதப் பையன்!

2013 மார்ச்சில் ஜெர்மனியின் இசட்.டி.எஃப். சேனல் மூன்று ராத்திரி ஒளிபரப்பிய 'நம் அம்மாக்கள், நம் அப்பாக்கள்' தொடர் இப்படித்தான் ஆரம்பிக்கிறது. கடைசிப் பகுதியை 70 லட்சம் பேருக்கு மேல் பார்த்தார்கள்.

புத்தகப் புழுவான தம்பி, போகப் போகக் கண் இமைக்காமல் சுடுகிறான். பூஞ்சை மனசு சார்லோட், கூட வேலை பார்க்கும் யூதப் பெண்ணைக் காட்டிக் கொடுக்கிறாள். பார்க்கிற நமக்குத்தான் திக்கென்கிறது.

ஆனாலும் ஒரு இடம் இடிக்கிறது. ஐந்து பேரில் ஒருத்தர்கூட நாஜி வெறியர் இல்லையாம்! அப்ப ஹிட்லருக்குக் கை தூக்கின கூட்டமெல்லாம் எங்கே சார் போச்சு? போலந்துக்காரர்களுக்கோ கோபமான கோபம். தங்கள் விடுதலைப் படையை யூத வெறுப்பாளர்களாகக் காட்டிவிட்டார்கள் என்று கோர்ட்டுக்கே போனார்கள். மன்னிப்புக் கேட்கச் சொல்லி 2018-ல் க்ராகோ கோர்ட் தீர்ப்பளித்தது.

ஒரு காட்சிக்காக மட்டும் டைரக்டருக்கு சபாஷ் போடலாம். போர் முடிந்து விக்டர் ஓர் அரசு ஆபீஸுக்குப் போகிறான். மேஜைக்கு அந்தப் பக்கம், கிரேட்டாவின் வாழ்க்கையோடு விளையாடிய அதே கெஸ்டபோ அதிகாரி. இப்போது நேச நாட்டு நிர்வாகத்தில் உத்தியோகம். யூனிஃபார்ம்தான் இல்லை!