காட்டெலியும் உண்ணியும்

நாயின் காதுமடலிலும் பசுவின் மடியோரத்திலும் உண்ணி ஒட்டியிருத்தலை நாம் யாவரும் கண்டுள்ளோம். அதனைப் பிடுங்கி எறிவதோடு நம் கவனம் முடிந்துவிடுகின்றது. ஆனால், காட்டில் வாழும் எலிகளுள் ஒன்று உண்ணிகள் பலவற்றைச் சுமக்க, அதன் அயலில் வாழும் மற்றொன்று ஏறக்குறைய ஒன்றுமின்றித் திரிவது ஏன் என்னும் வினா மனிதரின் உயிரோடு தொடர்புடையது.

இத்துறையில் நுணுகி ஆராயப்பட்டவற்றுள் ஒன்று, ஐரோப்பியக் காடுகளில் வாழும் இக்சோடிசு இரிசினசு என்னும் உண்ணியினம். ஆறு கால்களையுடைய குடம்பி, எட்டுக் கால்களையுடைய அணங்கு, நிறையுடலி என இதற்கு மூன்று பருவங்கள் உள. குடம்பியும் அணங்கும் தத்தம் பருவத்தில் ஒருமுறையே குருதி உண்ணும். சில நாட்கள் உண்டபின் நிலத்தில் விழுந்து, அடுத்த பருவத்தை எய்தி, மீண்டும் ஒரு விலங்கின் வரவுக்காகக் காத்திருக்கும். எனவே இதன் வாழ்நாளிற் பெரும்பகுதி விலங்கின் உடலிலன்றி நிலத்திலேயே கழிகின்றது.

நிலத்திற் கழியும் அக்காலத்தை ஆள்வது சுவாத்தியம். சாரீரப்பதன் நூற்றுக்கு 80 என்னும் அளவுக்கு நெடிது குறையுமாயின் உண்ணி உலர்ந்து மடியும். வறட்சி மிகுந்தபொழுது அது புல்நுனியினின்று இறங்கி, ஈரமான சருகுகளிடையே புகுந்து, அங்குள்ள காற்றின் நீராவியை உறிஞ்சிக்கொள்ளும். குளிரும் அதனை அடக்கும். செக்கு நாட்டு மலைகளில் 1950 ஆம் ஆண்டுகளில் ஏறத்தாழ 700, 800 மீற்றர் உயரத்தோடு நின்ற இவ்வினம், சுவாத்தியம் வெப்பமுற்றபின், இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் 1,000 மீற்றருக்கு மேலும் காணப்பட்டது.

எனினும், ஒரே காட்டில், ஒரே சுவாத்தியத்தில் வாழும் எலிகளிடையேயும் உண்ணிச்சுமை ஒத்திருப்பதில்லை. இங்கே விருந்துவழங்கியின் இயல்பு முன்வருகின்றது. வட இத்தாலியில் மஞ்சட்கழுத்து எலிகளை ஆராய்ந்து 2003 இல் வெளியிடப்பட்ட கட்டுரையொன்று, உடல் பருத்த, இனப்பெருக்கப் பருவமெய்திய ஆண் எலிகளாகிய ஒரு சிறு தொகுதியே உண்ணிகளிற் பெரும்பங்கை ஊட்டி வளர்க்கின்றது எனக் காட்டியது. ஆண் எலி பரந்த நிலப்பரப்பிலே திரிவது இதற்கு ஒரு காரணம். ஆண்மை ஓமோன் உண்ணியை எதிர்க்கும் ஆற்றலைக் குறைப்பது மற்றொரு காரணம்; இது 2001 இல் வெளியான பரிசோதனைகளால் தெளிவாயிற்று. இனத்துக்கு இனமும் வேறுபாடு உண்டு. செந்நிறக் குட்டைவால் எலி, பலமுறை கடியுண்டபின் உண்ணியை எதிர்க்கக் கற்றுக்கொள்ளும். மஞ்சட்கழுத்து எலி அவ்வாறு கற்பதில்லை.

இவ்விரு காரணங்களும் ஒன்றுகூடும் இடத்திலேதான் ஆபத்துப் பிறக்கின்றது. உண்ணியால் பரவும் மூளையழற்சி நோயின் வைரசு, எலியின் குருதியிற் சில நாட்களே நிலைக்கும். ஆயினும், தொற்றுற்ற அணங்கும் தொற்றில்லாத குடம்பிகளும் ஒரே எலியில் அருகருகே உண்ணும்பொழுது, வைரசு ஒன்றினின்று மற்றொன்றுக்கு நேரே செல்லும் என்பதை மிலான் லபுடாவும் அவருடன் ஆராய்ந்தோரும் 1993 இல் நிறுவினர். அணங்கு சற்றுக் குளிரிலேயே எழுந்துவிடும். குடம்பி எழுதற்கு மேலும் வெப்பம் வேண்டும். இளவேனிலில் வெப்பம் மெல்ல உயருமிடத்து, குடம்பி பிந்திவிடுகின்றது. விரைந்து உயருமிடத்து, இரண்டும் ஒருங்கே எழுந்து ஒரே எலியைச் சேருகின்றன. ஆண்டுச் சராசரி வெப்பத்தினும் அது உயரும் வேகமே முதன்மையானது என்னும் இக்கருத்தைச் சாரா றன்டோல்ப் என்னும் ஆங்கிலேய விஞ்ஞானி விரித்துரைத்தார்.

இந்நோய்க்குத் தடுப்பூசி உண்டு. நோய் கண்டபின் அதனை நீக்கவல்ல தனி மருந்து இல்லை. ஆதலின் அது எங்கே தோன்றும் என முன்னறிதல் இன்றியமையாதது. வெப்பமானியை மட்டும் நோக்குவோன் எலியை மறக்கின்றான். எலிகளை எண்ணி, உண்ணிகளைச் சராசரியாக வகுப்போன், பெருஞ்சுமை தாங்கும் அச்சிலவற்றைக் காணத் தவறுகின்றான். எத்தனை என்பதோடு நில்லாது, எவ்விலங்கில், எக்காலத்தில், எவற்றோடு கூடி என்றும் வினவுதல் வேண்டும். உயிரியல் பயிலும் மாணவர் இதனை மனத்திற் கொள்வாராக.