உடலும் ஆட்டமும் – 9: பாதத்தில் தொடங்கும் துடுப்பு

நீச்சல் வீரர்களின் நீண்ட கைகளைப் பற்றிப் போன வாரம் பார்த்தோம். இந்த வாரம் அதே தண்ணீரில் படகேறுவோம்.

கயாக் என்னும் துடுப்புப் படகின் பந்தயத்தை முதல்முறை பார்ப்பவர்களின் கண் வீரர்களின் தோளிலும் புஜத்திலும்தான் நிற்கும். கைபலம் உள்ளவர் ஜெயிப்பார் என்று தோன்றும். அது பாதி உண்மை. மீதியைத் தெரிந்துகொள்ள வீட்டில் ஒரு கம்பு இருந்தால் போதும்.

தரையில் உட்காருங்கள். முழங்கால்களைக் கொஞ்சம் மடக்கி, பாதங்களைச் சுவரில் பதியுங்கள். கம்பை இரு கைகளாலும் நெஞ்சுக்கு நேரே பிடித்து, வலப்பக்கம் துடுப்புப் போடுவதுபோல் இழுங்கள். முதல் தடவை முழங்கையை மடக்கி, வெறும் கையால். அடுத்த தடவை கையை நீட்டியே வைத்து, வலது பாதத்தால் சுவரை அழுத்தி, இடுப்பையும் முதுகையும் சேர்த்துத் திருப்புங்கள். இரண்டாவது இழுப்பில் முதுகு முழுவதும் வேலைக்கு வந்துவிடும்.

கயாக்கிலும் பாதத்துக்கு எதிரே ஒரு பலகை உண்டு. அங்கே ஊன்றிய விசை இடுப்பில் ஏறி, முதுகில் திரும்பி, தோள் வழியே துடுப்புக்கு வருகிறது. இந்தச் சங்கிலியில் கை கடைசிக் கண்ணி.

2000 சிட்னி ஒலிம்பிக்குக்கு வந்த துடுப்பு வீரர்களில் 50 ஆண்களையும் 20 பெண்களையும் ஆய்வாளர்கள் அளந்து பார்த்தார்கள். மார்பும் மேற்கையும் திரண்டிருந்தன. கொழுப்பு மிகக் குறைவு. ஆண்களுக்கு இடுப்பு ஒடுங்கியிருந்தது. காரணம் எளிது. உடலில் கூடும் ஒவ்வொரு கிலோவும் படகை இன்னும் கொஞ்சம் அமிழ்த்தும். நனையும் பரப்பு கூடினால் தண்ணீரின் இழுவையும் கூடும். அதனால் சுமக்கிற எடையெல்லாம் உழைக்கிற தசையாக இருந்தாக வேண்டும்.

தசைக்கு இணையாக மூச்சும் வேண்டும். 200 மீட்டர் 40 விநாடிகளுக்குள் முடிந்துவிடும். தசையில் இருக்கும் உடனடிச் சக்தியே பெரும்பாலும் தாங்கிவிடும். 500 மீட்டருக்கு இரண்டு நிமிடம் நெருங்கும். அங்கே பாதிக்கு மேற்பட்ட சக்தி ஆக்சிஜனால் வருவது. அதைத் தருவது வருடக்கணக்கான பயிற்சி.

அதற்குச் சாட்சி கயாக் வீராங்கனை பிர்கிட் ஃபிஷர். கிழக்கு ஜெர்மனியில் 1962இல் பிறந்தவர். 1980 மாஸ்கோவில், 18 வயதில், முதல் தங்கம். 1984இல் அவர் நாடு ஒலிம்பிக்கைப் புறக்கணித்தது. இரண்டு குழந்தைகளுக்குத் தாயானார். சிட்னியோடு ஓய்வு பெற்றவர், மறுபடி துடுப்பெடுத்தார். 2004 ஏதென்ஸில் நால்வர் கயாக்கில் ஜெர்மனி ஹங்கேரியைச் சுமார் 0.2 விநாடியில் முந்தியபோது அவருக்கு 42 வயது. அது அவருடைய எட்டாவது ஒலிம்பிக் தங்கம். அதே படகில் இருந்த கரோலின் லியோன்ஹார்ட்டுக்கு 19. ஃபிஷர் மாஸ்கோவில் ஜெயித்தபோது அவர் பிறக்கவே இல்லை.

பிள்ளைகளின் உயரத்தையும் கை நீளத்தையும் டேப் வைத்து அளந்து, தேறும், தேறாது என்று தீர்ப்பு எழுதும் பயிற்சியாளர்களையும் பெற்றோரையும் நினைத்தே இதைச் சொல்கிறேன். டேப் காட்டுவது அன்றைய உடலை மட்டும். பாதத்தில் ஊன்றியதைத் துளி சிந்தாமல் துடுப்புக்குக் கொண்டுபோகும் பழக்கத்தை எந்த டேப்பும் அளக்காது. அது உடம்பில் ஊற வருடங்கள் ஆகும். அந்த வருடங்களைப் பிள்ளைகளுக்குக் கொடுங்கள்.

துடுப்பின் இலை விமான இறக்கை போல வளைந்த கதை அடுத்த வாரம்.

(தொடரும்)