வெயில் மயக்கமா, பக்கவாதமா?

கரிசல் காட்டில் பருத்தி எடுத்துக்கொண்டிருப்பவர் தள்ளாடி உட்கார்ந்தால், "வெயில் அடிச்சிருச்சு" என்றுதான் முதலில் சொல்கிறோம். நிழலில் படுக்கவைத்து, சோடா கொடுத்து, பொழுது சாயும்வரை பார்க்கிறோம். வந்தது பக்கவாதமாக இருந்தால், அதற்குள் வைத்தியத்துக்கான நேரமே கடந்துவிடும்.

வெயில் மயக்கத்தில் உடம்பு மொத்தமும் சோர்ந்துபோகும். பக்கவாதம் பெரும்பாலும் ஒரு பக்கத்தைப் பிடிக்கும், அதுவும் திடீரென்று. கோவில்பட்டித் தீப்பெட்டி ஆபீஸ் ஒன்றில் லேபிள் ஒட்டும் பெண்ணை நினைத்துக்கொள்ளுங்கள். வலது கையிலிருந்து பெட்டி நழுவுகிறது. எடுக்கிறார், மறுபடியும் நழுவுகிறது. வலி இல்லை. வலி இல்லாததாலேயே யாரும் பதறுவதில்லை.

அவரைச் சிரிக்கச் சொல்லுங்கள். வாய் ஒரு பக்கம் கோணுகிறதா? கண்ணை மூடி இரண்டு கைகளையும் முன்னால் நீட்டச் சொல்லுங்கள். ஒரு கை தானாக இறங்குகிறதா? பேரையும் ஊரையும் சொல்லச் சொல்லுங்கள். நாக்கு குழறுகிறதா? இதில் ஒன்று இருந்தாலே போதும், 108-ஐ அழைக்க வேண்டும். திடீரென்று பார்வை மங்குவதும், நடை தடுமாறுவதும், இதுவரை வராத கடுமையான தலைவலியும் அறிகுறிகளே. பத்து நிமிடத்தில் எல்லாம் சரியாகிவிட்டாலும் விட்டுவிடாதீர்கள். அடுத்த இரண்டு நாளில் பெரிய தாக்குதல் வரும் ஆபத்து அதிகம்.

மூளை ரத்தக்குழாய் அடைத்தாலும் வெடித்தாலும் வெளியே தெரியும் அறிகுறி ஏறக்குறைய ஒன்றுதான். எது என்பதை ஸ்கேன்தான் சொல்லும். அடைப்பு என்றால் ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். ரத்தக்கசிவு என்றால் அதே ஊசி உயிருக்கே ஆபத்து. வீட்டில் ஆஸ்பிரின் கொடுக்கக் கூடாது என்பதும் இதனால்தான். பெரிய குழாய் அடைத்தால் நிமிடத்துக்குச் சுமார் 19 லட்சம் நரம்பணுக்கள் சாகின்றன. கைவைத்தியம் என்று புறா ரத்தம் தேய்க்கும் நேரத்தில் சாவது அவைதான்.

விழுங்குவதும் பாதிக்கப்பட்டிருக்கலாம் என்பதால் தண்ணீர்கூடக் கொடுக்காதீர்கள். கடைசியாக எத்தனை மணிக்கு நன்றாக இருந்தார் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். டாக்டர் கேட்கும் முதல் கேள்விகளில் அது ஒன்று. கோவில்பட்டியிலிருந்து திருநெல்வேலி மருத்துவக் கல்லூரி மருத்துவமனை 50 கிலோமீட்டருக்கு மேல். ஸ்கேனும் ஊசியும் பக்கத்தில் எந்த ஆஸ்பத்திரியில் எந்நேரமும் கிடைக்கும் என்பதை இன்றே விசாரித்து வையுங்கள். பக்கவாதம் வராமல் தடுக்க, வீட்டில் பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவர் அதை நிறுத்திவிடாமலும் பார்த்துக்கொள்ளுங்கள்.