முதலில் குப்பையை அள்ளுங்கள்!

நியூயார்க் என்றதும் வானளாவிய கட்டடங்கள்தான் நம் கண்முன் வரும். அதே மான்ஹாட்டன் தீவின் வடகிழக்கில் கிழக்கு ஹார்லம் என்றொரு வட்டாரம் உண்டு. போர்ட்டோ ரிக்கோ தீவிலிருந்து வந்து குடியேறியவர்கள் அதை 'எல் பாரியோ' என்பார்கள். நம் பேச்சில் சொல்வதானால், 'நம்ம பேட்டை'. 1969ஆம் ஆண்டு கோடையில் அந்தப் பேட்டையின் தெருக்கள் குப்பையில் நாறிக்கிடந்தன. பணக்காரர்கள் வாழும் தெருக்களுக்கு ஒழுங்காக வந்த மாநகரக் குப்பை லாரி, இங்கே நினைத்தபோதுதான் வந்தது.

போர்ட்டோ ரிக்கர்கள் 1917 முதலே அமெரிக்கக் குடிமக்கள். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு லட்சக்கணக்கில் நியூயார்க் வந்து, தையல் ஆலைகளிலும் ஹோட்டல் சமையலறைகளிலும் வேலை பார்த்தார்கள். பிறகு ஆலைகள் ஒவ்வொன்றாக நகரை விட்டுக் கிளம்பின. அப்பாவுக்குக் கிடைத்த ஆலை வேலைகூட மகனுக்குக் கிடைக்காத நிலை. பிள்ளைகள் தெருமுனையில் நின்றார்கள்.

இந்தச் சூழலில் கல்லூரிப் படியேறிய சில இளைஞர்கள் பேட்டைக்குத் திரும்பினார்கள். சிகாகோவில் தெருக்கும்பலாகத் தொடங்கி, ஹோசே 'சா சா' ஹிமேனஸ் தலைமையில் உரிமை இயக்கமாக மாறியிருந்த 'யங் லார்ட்ஸ்' அமைப்பின் நியூயார்க் கிளையை இவர்கள் அந்த ஜூலையில் தொடங்கினார்கள். ஃபிலிப்பே லூசியானோ, ஹுவான் கொன்சாலஸ், பாப்லோ குஸ்மான், டெனிஸ் ஆலிவர் போன்றோர் முன்னணியில் இருந்தனர். ஏறக்குறைய எல்லாருமே இருபது வயதையொட்டியவர்கள். தலை நிறையப் புரட்சி நூல்கள். பேட்டை மக்களிடம் போய், "உங்களுக்கு என்ன தேவை?" என்று கேட்டார்கள். ஏகாதிபத்தியம், விடுதலை என்று பதில் வரும் என எதிர்பார்த்திருக்கலாம். வந்த பதில்: குப்பை.

கொஞ்சம் ஏமாற்றம்தான். ஆனாலும் ஞாயிற்றுக்கிழமைகளில் 110ஆம் தெருவைக் கூட்ட இறங்கினார்கள். முதலில் மக்கள் வேடிக்கை பார்த்தார்கள். பிறகு சிலர் கைகொடுத்தார்கள். துடைப்பம் போதவில்லை என்று மாநகரத் துப்புரவுத் துறையிடம் கேட்டபோது அது மறுக்கப்பட்டது. ஒரு துடைப்பத்திற்குக்கூட வக்கில்லாத வட்டாரமா இது என்ற ஆத்திரம் எல்லாருக்கும் வந்தது. ஜூலை 27, ஞாயிறு. சரியாக ஒரு வாரத்திற்கு முன்புதான் அமெரிக்கா நிலவில் மனிதனை இறக்கியிருந்தது. கூட்டிய குப்பையையெல்லாம் மூன்றாவது அவென்யூவின் நடுவில் குவித்துப் போக்குவரத்தை மறித்தார்கள். பழைய மெத்தைகள், உடைந்த நாற்காலிகள் என்று ஆளாளுக்குக் கொண்டுவந்து போட்டார்கள். ஆகஸ்டிலும் மறியல் தொடர்ந்தது. குப்பைக்குத் தீயும் வைக்கப்பட்டது.

தீ வைத்ததைச் சரியென்று சொல்ல வரவில்லை. தீயால்தான் மக்கள் திரண்டார்கள் என்பதும் சரியாகாது. அதற்கு முந்திய வாரங்களில் முதுகு வளைந்து தெருக் கூட்டியிராவிட்டால் அந்தப் பிள்ளைகளோடு யார் நின்றிருப்பார்கள்? லிப்ட் பழுதான அடுக்குமாடியில் பதினாறு மாடி படியேறும் நம்மவர்களுக்கு இது விளங்கும். அது மேயர் ஜான் லிண்ட்சேயின் தேர்தல் ஆண்டு. குப்பை அரசியல் விவகாரமானது. லாரிகள் வரத் தொடங்கின.

அடுத்தது சுகாதாரம். ஈயம் கலந்த பெயின்ட்டை வீடுகளில் பூசுவதற்கு 1960-லேயே நியூயார்க் தடை விதித்திருந்தது. ஆனால் பழைய சுவர்களில் உரிந்த பெயின்ட்டைக் குழந்தைகள் வாயில் போட்டுக்கொண்டிருந்தார்கள். சோதனைக் கருவிகள் சுகாதாரத் துறையிடம் சும்மா கிடந்தன. இளைஞர்கள் அலுவலகத்தில் உட்கார்ந்து அவற்றை வாங்கிவந்து, மருத்துவ மாணவர்களோடு வீடு வீடாகச் சோதித்தார்கள்.

பிள்ளைகளுக்குக் காலை உணவு கொடுக்க இடம் வேண்டும் என்று 111ஆம் தெருவிலிருந்த ஒரு தேவாலயத்தைக் கேட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை தவிர அது பெரும்பாலும் பூட்டியே கிடந்தது. கிடைக்கவில்லை. டிசம்பர் 28 அன்று உள்ளே புகுந்து 11 நாள் அதைத் தங்கள் வசம் வைத்திருந்தார்கள். காலை உணவு, இலவசத் துணிமணி, மருத்துவப் பரிசோதனை, வரலாற்று வகுப்பு எல்லாம் அங்கே நடந்தன. ஜனவரி 7 அன்று 105 பேர் கைதானார்கள்.

1970 ஜூன் மாதம் நடந்தது இன்னும் துணிச்சல். காசநோய் எக்ஸ்-ரே வண்டி ஒன்று பேட்டைக்கு வரும்; மக்கள் வேலைக்குப் போயிருக்கும் நேரத்தில் வரும். ஜூன் 17 அன்று இளைஞர்கள் வண்டியையே கைப்பற்றித் தங்கள் அலுவலகத்தின் எதிரே நிறுத்தினார்கள். காலராவோடு போராடிய போர்ட்டோ ரிக்கோ மருத்துவர் பெத்தான்செஸின் பெயரை அதற்குச் சூட்டினார்கள். வரிசை நீண்டது. வண்டி அங்கேயே இயங்க அதிகாரிகள் இணங்க வேண்டியதாயிற்று.

இத்தனை செய்தவர்களால் ஒன்று மட்டும் முடியவில்லை: வேலை. குப்பை லாரியை வரவழைக்கலாம், ஊரைவிட்டுப் போன ஆலையை எப்படி வரவழைப்பது? 1971-இல் அமைப்பு போர்ட்டோ ரிக்கோவிலும் கிளைகளைத் திறந்தது. அது பெரும் பிசகு என்பது என் எண்ணம். பேட்டையில் நின்ற கால் அங்கிருந்து நகர்ந்தது. உளவுத்துறையின் ஊடுருவலும் உட்பூசலும் மீதியைப் பார்த்துக்கொண்டன. 1976-இல் இயக்கமே இல்லை.

கெட்ட நேரம், உண்மையான வெட்டு அப்போதுதான் வந்தது. 1975-இல் நியூயார்க் மாநகரம் திவாலின் விளிம்புக்குப் போனது. ஆயிரக்கணக்கான ஊழியர்கள் வீட்டுக்கு அனுப்பப்பட்டார்கள். 1847 முதல் இலவசமாக இருந்த நகரப் பல்கலைக்கழகப் படிப்புக்கு 1976-இல் கட்டணம் வந்தது. ஏழைகள் நிறைந்த தெற்கு பிராங்க்ஸின் ஹோஸ்டோஸ் சமூகக் கல்லூரியை வேறொரு கல்லூரியோடு இணைத்துவிடவும் திட்டமிட்டார்கள். ஸ்பானிய மொழி பேசும் தொழிலாளர்களுக்காக 1968-இல் நிறுவப்பட்ட கல்லூரி அது. மாணவர்கள், ஆசிரியர்கள், அக்கம்பக்கத்தார் எல்லாரும் கட்டடத்தைச் சூழ்ந்தார்கள். அங்கே உட்கார்ந்து மறித்தவர்களில் பலர் கைதானார்கள். கடைசியில் மாநிலச் சட்டமன்றமே தலையிட்டுக் கல்லூரியைக் காப்பாற்றியது. கிராண்ட் கான்கோர்ஸ் சாலையில் அந்தக் கல்லூரி இன்றும் நடக்கிறது.