அஷ்டமுடிக் கரையில் ஒரு தொழில் நகரம்

“கொல்லம் கண்டவனுக்கு இல்லம் வேண்டாம்” என்பது கேரளத்தில் வழங்கும் பழமொழி. ஒருபுறம் அரபிக்கடல், மறுபுறம் எட்டுக் கிளைகளாக விரியும் அஷ்டமுடிக் காயல். இவ்விரு நீர்ப்பரப்புகளுக்கும் இடையே துறைமுகமாகவும் தொழில் நகரமாகவும் வளர்ந்த கொல்லத்திற்கு, இல்லத்தை மறந்து வந்தவர்களுள் பலர் வாணிகம் நாடி வந்தவர்களே.

கி.பி. 825இல் தொடங்கும் கொல்லம் ஆண்டு இந்நகரின் பெயரைத் தாங்கி நிற்கிறது. திருநெல்வேலிச் சீமையின் கல்வெட்டுகளிலும் அந்த ஆண்டுக் கணக்கு இடம்பெற்றுள்ளது.

செப்பேட்டில் நின்ற நம்பிக்கை

கி.பி. 849ஆம் ஆண்டு. சேர மன்னன் தாணு இரவியின் ஆட்சியில், வேணாட்டு ஆட்சியாளர் அய்யனடிகள், மார் சபீர் ஈசோ கட்டுவித்த தரிசாப்பள்ளிக்கு நிலமும் உரிமைகளும் வழங்கினார். அந்த ஆணை வட்டெழுத்தில் செப்பேடுகளில் பொறிக்கப்பட்டது. அஞ்சுவண்ணம், மணிக்கிராமம் என்னும் வணிகக் குழுக்களும் அதில் குறிக்கப்பட்டுள்ளன. துறைமுகச் சந்தையின் எடைக்கோலையும் அளவைகளையும் காக்கும் பொறுப்பு அப்பள்ளியிடம் ஒப்படைக்கப்பட்டது. சாட்சிகள் அரபு, பாரசீகம் ஆகிய மொழிகளில் கையொப்பமிட்டனர். சிலர் எபிரேய எழுத்தைப் பயன்படுத்தினர். சமயமும் மொழியும் வேறான வணிகர்கள் ஒரே தராசை நம்பினால்தான் சந்தை நிலைக்கும் என்பதை அன்றைய ஆட்சியாளர் உணர்ந்திருந்தனர். கடன் பத்திரத்திலும் காசோலையிலும் நாம் இன்று இடும் கையொப்பத்திற்கு அடிப்படையும் அதே நம்பிக்கைதான். அந்தச் செப்பேடுகள் இன்று கோட்டயத்திலும் திருவல்லாவிலும் உள்ள திருச்சபைத் தலைமையிடங்களில் பாதுகாக்கப்படுகின்றன.

கோட்டையும் அறைகூவலும்

நகரின் மேற்கு முனையான தங்கசேரியில் போர்த்துக்கீசியர் 1519இல் கோட்டை எழுப்பினர். 1661இல் அது டச்சுக்காரர் வசமாயிற்று; பின்னர் ஆங்கிலேயரிடம் சென்றது. இடிந்த மதில்கள் மட்டுமே இன்று எஞ்சியுள்ளன. அருகில், 1902 முதல் ஒளிரும் 41 மீட்டர் உயரக் கலங்கரை விளக்கம் கப்பல்களுக்கு வழிகாட்டுகிறது.

காயலின் கிழக்கே உள்ள குண்டறையில்தான் 1809 ஜனவரியில் திருவிதாங்கூர் தளவாய் வேலுத்தம்பி, ஆங்கிலேயருக்கு எதிராக மக்களைத் திரட்டும் அறைகூவலை விடுத்தார். பின்னாளில் அதே குண்டறையில் பீங்கான், அலுமினியத் தொழிற்சாலைகள் எழுந்தன. ஒரே ஊரின் மண்ணில் போராட்டத்தின் நினைவும் தொழிலின் நினைவும் அடுத்தடுத்து உறைகின்றன.

முந்திரி உடைத்த கைகள்

போர்த்துக்கீசியர் பிரேசிலிலிருந்து கொண்டுவந்த முந்திரி, இருபதாம் நூற்றாண்டில் கொல்லத்தின் அடையாளமாயிற்று. கொட்டைகளை வறுத்து, ஓடு உடைத்து, தோல் நீக்கித் தரம் பிரிக்கும் பணியில் பெரும்பாலும் பெண்களே ஈடுபட்டனர். ஓட்டிலிருந்து கசியும் எண்ணெய் தோலைப் புண்ணாக்கும். ஆதலால் விரல்களில் சாம்பல் பூசிக்கொண்டு உடைப்பது வழக்கம். கடையில் நாம் காணும் ‘டபிள்யூ 320’ என்னும் தரக்குறி, ஒரு பவுண்டு எடையில் ஏறத்தாழ 320 முழுப் பருப்புகள் அடங்கும் என்பதைச் சுட்டுகிறது. அந்த எண்ணுக்குப் பின்னால் பருப்பைச் சிதையாமல் எடுத்த கைகளின் திறமை இருக்கிறது.

அண்மை ஆண்டுகளில் ஆலைகள் பல மூடப்பட்டன. பலர் வேலை இழந்தனர். கோட்டை மதிலுக்குத் தொல்லியல் துறையின் காவல் உண்டு. ஆலைகளின் புகைபோக்கிகளுக்கு அத்தகைய காவல் இல்லை. அவற்றுள் உழைத்த பெண்களின் நினைவுகளை இப்போதே கேட்டுப் பதிவு செய்யாவிடில், நகரின் வரலாற்றில் ஒரு பெரும் பகுதி சுவடின்றி மறையும்.

செல்லும் வழி

செங்கோட்டையிலிருந்து மலையைக் கடந்து கொல்லம் வரும் இருப்புப்பாதையில் 1904இல் பயணிகள் போக்குவரத்து தொடங்கியது. அன்று செங்கோட்டையும் திருவிதாங்கூரைச் சேர்ந்ததே. அகலப்பாதையாக்கும் பணி 2018இல் நிறைவுற்றது. வழியில் கழுதுருட்டியின் பதின்மூன்று கண் பாலத்தைக் காணலாம். கொல்லத்தில் இறங்குவோர் தங்கசேரியோடு திரும்பிவிட வேண்டாம். முந்திரி உடைத்த ஒரு மூதாட்டியைச் சந்திக்க நேர்ந்தால், சற்றே அமர்ந்து அவர் சொல்வதையும் கேட்டு வாருங்கள்.