மன்னாவும் முறுமுறுப்பும்



ஊழியத்தின் ஆரம்ப நாட்களில் நான் செய்த ஒரு தவறை முதலில் சொல்லிவிடுகிறேன். வார்டில் மகனின் கட்டிலருகே இருந்த ஒரு தாயார், "ஐயா, ஆண்டவர் எங்களை மறந்துட்டாரா?" என்று கேட்டார்கள். "முறுமுறுக்கக் கூடாதம்மா, ஸ்தோத்திரம் சொல்லுங்கள்" என்று புத்தி சொல்லி, ஜெபித்துவிட்டு வந்தேன். அதன்பின் என்னைக் கண்டால் தலையை மட்டும் அசைப்பார்கள், ஒன்றும் பேசமாட்டார்கள். முறுமுறுப்புக்கும் கண்ணீருக்கும் உள்ள வித்தியாசம் அன்று எனக்கே விளங்கவில்லை.

யாத்திராகமம் 16ஆம் அதிகாரத்தைப் பாருங்கள். எகிப்தைவிட்டுப் புறப்பட்டு ஒரே மாதம்தான் ஆகியிருந்தது. சீன் வனாந்தரத்தில் ஜனங்களுக்குப் பசி. பசி பாவமல்ல. ஆனால் அவர்கள் கர்த்தரிடம் ஆகாரம் கேட்கவில்லை. மோசேயையும் ஆரோனையும் குற்றப்படுத்தினார்கள். எகிப்தின் இறைச்சிப் பாத்திரங்கள் நினைவுக்கு வந்தன. செங்கல் வேலையும் ஆளோட்டிகளின் அடியும் மறந்துபோயின. முறுமுறுப்பின் அடையாளங்கள் இவையே: தேவனோடு பேசாமல் மனுஷரைக் குறைகூறும், பெற்ற விடுதலையை மறந்துபோகும்.

அன்னாளும் மனங்கசந்து அழுதாள் (1 சாமுவேல் 1). சாப்பிடவும் மனமில்லை. ஆனால் தன் வேதனையைக் கர்த்தரிடமே கொண்டுபோனாள். ஆசாரியனாகிய ஏலி அவளைக் குடித்திருக்கிறாள் என்று தவறாக எண்ணினான். நானும் அன்று ஏலியைப்போலவே நடந்துகொண்டேன். சங்கீதங்களில் பல இப்படிப்பட்ட புலம்பல்கள்தான். கர்த்தரிடம் அழுகிறவன் இன்னும் அவரையே நம்பியிருக்கிறான்.

முறுமுறுத்த ஜனத்துக்குக் கர்த்தர் மன்னாவைக் கொடுத்தார். தலைக்கு ஓர் ஓமர், அந்தந்த நாளுக்கு மட்டும். நாளைக்கு என்ன செய்வோம் என்று சிலர் எடுத்துவைத்தது விடியுமுன் புழுத்து நாறியது. ஓய்வுநாளுக்கென்று அவர் சொன்னபடி வைத்ததோ கெடவில்லை. இன்னும் ஓர் ஓமர், வரும் தலைமுறைகள் காணும்படி ஒரு கலசத்தில் வைக்கப்பட்டது. அவநம்பிக்கையினால் சேர்த்தது ஓர் இரவும் தாங்கவில்லை. கர்த்தர் செய்ததை நினைவுகூர வைத்ததோ நிலைத்தது. நன்றியறிதல் என்பது அந்தக் கலசம்தான்.

வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் டாக்டர் மேரி வர்கீஸ் அம்மையாரை உங்களில் பலர் அறிவீர்கள். 1954இல் வாகன விபத்தில் அவர்களுடைய கால்கள் செயலிழந்தன. ஆனாலும் சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார்கள். பின்பு வேலூரில் மறுவாழ்வு மருத்துவப் பணிக்கு அஸ்திபாரமிட்டார்கள். கால்கள் திரும்பவில்லை. மீந்திருந்த கைகளைக் கர்த்தருடைய ஈவாக ஏற்றுப் பயன்படுத்தினார்கள்.

ஆகையால், பிரியமானவர்களே, பாரமுள்ளவரிடம் "ஸ்தோத்திரம் சொல்லுங்கள்" என்று அவசரப்படாதிருப்போம். முதலில் அவரோடுகூட அழுவோம். நம்முடைய சொந்தக் குறைகளையோ அண்டை வீட்டாரிடம் சொல்லுமுன் ஆண்டவரிடம் சொல்வோம். இரவில் படுக்குமுன், அன்று பெற்ற நன்மை ஒன்றைப் பெயர்சொல்லி நன்றி செலுத்துவோம். பெரிய காரியமாய் இருக்கவேண்டியதில்லை. ஓர் ஓமர் போதும். நீங்கள் அனுப்பும் காணிக்கையையும் இந்த ஆஸ்பத்திரி அப்படியே, அன்றன்றைக்குத் தேவையான மன்னாவாகக் கர்த்தருடைய கையிலிருந்து பெற்றுக்கொள்கிறது.

சில நாள் கழித்து அந்தத் தாயாரிடம் போய் மன்னிப்புக் கேட்டேன். அருகே உட்கார்ந்தேன், இம்முறை புத்தி ஒன்றும் சொல்லவில்லை. வெகுநேரம் அழுதார்கள். பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அவர்களாகவே சொன்னார்கள்: "காலையில பையன் ரெண்டு வாய் கஞ்சி குடிச்சான் ஐயா. ஸ்தோத்திரம்."

கர்த்தர்தாமே உங்களை ஆசீர்வதிப்பாராக.

கிறிஸ்துவின் பணியில்,
ஆஸ்பத்திரி போதகர்