மூச்சை எண்ணும் ஒரு நிமிஷம்

சங்கங்களின் பற்று வரவுகளைச் சரிபார்க்க வருகின்ற இன்ஸ்பெக்டருக்குக் குழந்தை வைத்தியத்தில் என்ன வேலை என்று அங்கத்தினர்கள் வினவக்கூடும். வினா நியாயமானதே. நான் கல்லூரியில் கற்றது பொருளாதாரம், வைத்தியம் அன்று. ஆயினும், சென்ற ஆண்டு ஒரு நெசவாளர் சங்கத்தில் அவசரக் கடன் மனுக்களைப் புரட்டிக்கொண்டிருந்தபோது கண்ணிற்பட்ட ஒரு தாள்தான் இக்கட்டுரையை எழுதத் தூண்டியது.

“ஒன்பது மாதக் குழந்தைக்கு மார்ச்சளி, வைத்தியச் செலவுக்கு ரூ. 3,000” என்று அதில் கண்டிருந்தது. மனுவின் தேதி திங்கட்கிழமை. அனுமதித்த தேதி வெள்ளிக்கிழமை. நிர்வாக சபை வெள்ளிக்கிழமைதான் கூடும் என்பது அச்சங்கத்தின் வழக்கம். விதிப்படி எல்லாம் ஒழுங்கு. தணிக்கையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அந்தக் குழந்தை என்ன ஆயிற்று என்று கேளாமல் எழுந்து வர எனக்கு மனம் வரவில்லை. அன்று மாலை அந்த அங்கத்தினரின் வீட்டுக்குச் சென்றேன்.

குழந்தை பிழைத்திருந்தது. வெள்ளி இரவு உதடு நீலம் பாய்ந்த நிலையில் அரசு ஆஸ்பத்திரிக்கு எடுத்துச் சென்று, பதினொரு நாள் அங்கே வைத்திருந்தார்களாம். தாயார் சொன்ன சொல் ஒன்று இன்னும் என் காதில் நிற்கிறது: “திங்கட்கிழமையே வயிறு விடாம அடிச்சுக்கிட்டுதுங்க ஐயா. சளின்னுதான் நெனச்சோம். கடன் கைக்கு வந்ததும் தனியார் டாக்டர்கிட்டே போகலாம்னு இருந்தோம்.” அரசு ஆஸ்பத்திரியில் அவர்களிடம் ஒரு காசும் வாங்கவில்லை. அப்படியானால் எதற்காக நான்கு நாள் காத்திருந்தார்கள்? சளிக்கும் நிமோனியாவுக்கும் உள்ள வேற்றுமையை அவர்களுக்கு ஒருவரும் சொல்லவில்லை. எனக்குமே அப்பொழுது தெரியாது.

பின்னர் படித்தும் மருத்துவ நண்பர்களைக் கேட்டும் அறிந்தவற்றை இங்கே எழுதுகிறேன்.

இருமலும் மூக்கொழுகலும் எல்லா நாட்டுக் குழந்தைகளுக்கும் ஏறக்குறைய ஒரே அளவில் வருகின்றன. செல்வ நாடாயினும் வறிய நாடாயினும், ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தை ஆண்டுக்கு ஐந்து முதல் எட்டு முறை சளி பிடித்துக்கொள்கிறது. அவற்றில் மிகப் பெரும்பாலானவை தாமே தீர்பவை. வேற்றுமை எங்கே என்றால், அந்தச் சளி நுரையீரலுக்குள் இறங்கி நிமோனியாவாவதிலும், ஆனபின் குழந்தை இறப்பதிலுந்தான். 2019-ஆம் ஆண்டில் உலகெங்கும் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள் சுமார் 7,40,000 பேர் நிமோனியாவால் மாண்டனர் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. அவ்வயதில் நேரும் மரணங்களில் நூற்றுக்குப் பதினான்கு இது. எடை குறைந்து பிறந்த குழந்தை, தாய்ப்பால் போதாத குழந்தை, மெலிந்த குழந்தை, நெருக்கடியான வீட்டில் வளரும் குழந்தை ஆகியவர்களையே இந்நோய் தேடிப் பிடிக்கிறது.

எந்தச் சளி நிமோனியா என்று எவ்வாறு அறிவது? எக்ஸ்ரே படம் எடுக்க வசதியில்லாத இடத்தில் என்ன செய்வது? இதற்கு விடை கண்ட கதை சுவையானது. அதில் நம் தமிழ்நாட்டுக்கும் பங்குண்டு.

பப்புவா நியூகினி தேசத்தின் மலைப்பகுதியில் கொரோக்கா என்ற ஊர் இருக்கிறது. அங்கே பணியாற்றிய பிராங்க் ஷான் என்னும் டாக்டர், 1984-இல் ஒரு எளிய யோசனையை வெளியிட்டார். இருமும் குழந்தை நிமிஷத்துக்கு ஐம்பதுக்கு மேல் மூச்சு வாங்கினால் நுண்ணுயிர்க்கொல்லி மருந்து கொடுக்கலாம். மூச்சை இழுக்கும்போது மார்பின் கீழ்ப்புறம் உள்வாங்கினால் ஆஸ்பத்திரியில் சேர்க்கவேண்டும் என்பதே அது. நிமோனியாவில் நுரையீரலின் சிற்றறைகளில் நீர் கோத்து, நுரையீரல் விறைத்துவிடுகிறது. ஆழ்ந்து மூச்சிழுக்க முடியாத குழந்தை, அந்தக் குறையை ஈடுசெய்யக் குறுமூச்சாக விரைந்து விடுகிறது. அந்தத் தாயார் கண்டது இதைத்தான்.

இந்த அளவுகோல் நம் குழந்தைகளுக்குப் பொருந்துமா என்று வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் டாக்டர் ஜேக்கப் ஜான் முதலியோர் ஆராய்ந்து 1988-இல் முடிவை வெளியிட்டனர். கைக்குழந்தைக்கு ஐம்பது, ஒரு வயது கடந்த குழந்தைக்கு நாற்பது என்று எல்லை வகுத்தால், பெரும்பாலும் தவறாமல் நோயை இனம் காணலாம் என்று தெரிந்தது. உலக சுகாதார நிறுவனம் இன்று எல்லா நாடுகளுக்கும் கூறும் அளவும் இதுவே: இரண்டு மாதத்துக்குட்பட்ட சிசுவுக்கு நிமிஷத்துக்கு 60 அல்லது அதற்கு மேல், இரண்டு மாதம் முதல் ஒரு வயது முடியும்வரை 50 அல்லது மேல், ஒன்று முதல் ஐந்து வயது வரை 40 அல்லது மேல்.

மகாராஷ்டிரத்தின் கிழக்கெல்லையிலுள்ள காட்சிரோலி என்ற காட்டுப் பிரதேசத்தில், டாக்டர்களாகிய அபய் பங், ராணி பங் தம்பதியர் 1988-இல் இன்னும் ஒரு படி மேலே சென்றனர். கிராமத்து ஊழியர்களுக்கும், எழுத்தறியாத மருத்துவச்சிகளுக்கும் கூட மூச்செண்ணக் கற்பித்து, மருந்தையும் அவர்கள் கையிலேயே கொடுத்தனர். ஐம்பது வரை எண்ணத் தெரியாதவர்கள் என்ன செய்வார்கள்? அதற்கும் வழி கண்டனர். ஒரு நிமிஷத்துக்கு மணல் இறங்கும் கருவி ஒன்றும், கம்பியில் கோத்த மணிகளும் கொடுத்தார்கள். பத்து மூச்சுக்கு ஒரு மணியை நகர்த்த வேண்டும். மணல் தீருமுன் சிவப்பு மணி நகர்ந்துவிட்டால் நிமோனியா. இவ்வாறு அவர்கள் கண்டு மருந்து கொடுத்த 612 குழந்தைகளில் இறந்தவர்கள் நூற்றுக்கு ஒருவருக்கும் குறைவு. இத்திட்டம் நடைபெறாத பக்கத்துக் கிராமங்களிலோ நிமோனியா கண்டவர்களில் நூற்றுக்குப் பதின்மூன்றுக்கு மேல் இறந்தனர். இம்முடிவுகள் 1990-இல் வெளிவந்தன. இரவு பகலாக இழை எண்ணும் நம் நெசவாளர் குடும்பங்களுக்கு மூச்சு எண்ணுவது பெரிய காரியமா என்ன?

எண்ணும் முறையைச் சொல்கிறேன். குழந்தை அழாமலும் பால் குடிக்காமலும் அமைதியாக இருக்கும் நேரம் பார்க்க வேண்டும். சட்டையை மேலே தூக்கி, மார்பையோ வயிற்றையோ உற்று நோக்க வேண்டும். ஒரு முறை எழுந்து தாழ்ந்தால் ஒரு மூச்சு. கடிகாரத்தின் விநாடி முள் முழுச்சுற்று வரும்வரை எண்ண வேண்டும். கால் நிமிஷம் எண்ணி நான்கால் பெருக்குவது கூடாது, ஏனெனில் குழந்தையின் மூச்சு சீராக ஓடுவதில்லை. பச்சைச் சிசுவானால், எண்ணிக்கை எல்லையைத் தாண்டினால் மறுபடியும் ஒருமுறை எண்ணிக்கொள்க. எண்ணிக்கை மிகுந்திருந்தால் அன்றே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குச் செல்ல வேண்டும். வீசிங் என்னும் இழுப்பிலும் மூச்சு விரையும். எது என்று பிரித்தறிவது டாக்டரின் வேலை. மார்பின் கீழ்ப்புறம் உள்வாங்குதல், பால் குடிக்க இயலாமை, குடித்ததெல்லாம் வாந்தியாதல், வலிப்பு, எழுப்பினாலும் கண் விழியாத சோர்வு ஆகிய இவற்றுள் ஒன்று கண்டாலும், 108-க்குத் தொலைபேசி செய்து ஆஸ்பத்திரிக்கே போய்விட வேண்டும். அந்த வண்டிக்கும் கட்டணமில்லை. இரண்டு மாதத்துக்குட்பட்ட சிசு மூச்சு வாங்கினால் வேறு குறி எதற்கும் காத்திருக்க வேண்டாம்.

இங்கே என் தவறு ஒன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். விறகடுப்பை விட்டு எரிவாயு அடுப்புக்கு மாறினால் குழந்தைகளுக்கு நிமோனியா வராது என்று ஒரு மகாசபையில் அடித்துப் பேசியவன் நான். கவாதமாலா, பெரு, ருவாண்டா ஆகிய நாடுகளிலும் நம் தமிழ்நாட்டுக் கிராமங்களிலுமாகச் சுமார் 3,200 குடும்பங்களில் நடத்திய பெரிய ஆராய்ச்சி ஒன்றின் முடிவு 2024-இல் வெளிவந்தது. எரிவாயு அடுப்பு கொடுத்த வீடுகளில் புகை வெகுவாகக் குறைந்தது உண்மை; ஆனால் ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைகளிடையே கடுமையான நிமோனியா குறிப்பிடத்தக்க அளவில் குறையவில்லை. புகை நல்லது என்பது இதன் பொருளன்று. அடுப்பூதும் பெண்மக்களின் நெஞ்சையும் கண்ணையும் அது கெடுக்கிறது. ஆனால் அடுப்பை மாற்றிவிட்டோம், இனி கவலையில்லை என்று இருந்துவிடலாகாது. குளிப்பாட்டிய சிசுவைச் சாம்பிராணிப் புகையில் காட்டுவதும், மூக்கில் எண்ணெய் விடுவதும் நம் வீடுகளில் இன்னும் மறையவில்லை. எண்ணெய் நுரையீரலில் இறங்கினால் அதுவே ஒருவகை நிமோனியாவை உண்டாக்கும் என்று பாட்டிமார்களிடம் பணிவாகச் சொல்லத்தான் வேண்டும்.

பயன் தெளிவாகத் தெரிந்தவை தடுப்பூசிகள். நிமோனியாவை உண்டாக்கும் ‘ஹிப்’ என்ற கிருமிக்கெதிரான ஊசி, ஐந்து நோய்களுக்கான கூட்டு ஊசியில் அடங்கியது. 2011 டிசம்பரில் இந்திய நாட்டிலேயே முதலாவதாகத் தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் தொடங்கப்பெற்றது. நிமோகாக்கஸ் கிருமிக்கான ஊசி 2021-இல் நாடெங்கும் விரிவாக்கப்பட்டது. ஆறாம் வாரம், பதினான்காம் வாரம், ஒன்பதாம் மாதம் என மூன்று முறை, இலவசமாகவே போடுகிறார்கள். நான் சொன்ன குழந்தைக்கு முதல் ஊசி மட்டுமே போட்டிருந்தது. இரண்டாவது முறை பாவு ஓட்டும் நாளாகப் போயிற்றாம். முதல் ஆறு மாதம் தாய்ப்பால் ஒன்றே கொடுப்பதும், இருமுகிறவர்கள் சிசுவைத் தூக்காதிருப்பதும் காசில்லாத பாதுகாப்புகள்.

அச்சங்கத்தின் ஆய்வறிக்கையில் இரண்டு குறிப்புகள் எழுதினேன். வைத்தியத்துக்கான சிறு கடனைக் காரியதரிசி உடனே கொடுத்து, அடுத்த நிர்வாக சபையில் ஒப்புதல் பெற்றுக்கொள்ளும்படி துணைவிதியைத் திருத்தலாம் என்பது ஒன்று. சங்கக் கட்டடத்தின் சுவர்க் கடிகாரம் நின்றுபோயிருக்கிறது என்பது மற்றொன்று. முதலாவது, வரும் மகாசபையின் நிகழ்ச்சி நிரலில் சேர்ந்திருக்கிறது. கடிகாரத்தை நான் ஊர் திரும்புமுன்பே பழுது பார்த்து மாட்டிவிட்டார்கள். விநாடி முள் ஓடுகிறது.